ஆடி முடியட்டும் என்றாய்

என் இசக்கியக்கா,

உன் மேல் கோபமாக இருக்கிறேன். ஒரு வருஷத்தில் குறைந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு முதல் வருஷத் திதி. குறையவில்லை.

இதை உன் படத்துக்கு முன்னால் நின்று தனியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யப் போவதில்லை. நான் வாய் திறக்காதவள் என்பதால்தான் நீ என்னைத் தேர்ந்தெடுத்தாய். அதனால் முன்பின் தெரியாதவர்களும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நீ கூசிப் போக வேண்டும்.

அத்தான் என்னிடம் நாலு வரி கேட்டார். கடை வாசலில் வைக்க ஒரு பேனர், சொந்தக்காரர்களுக்கு அனுப்ப ஒரு கார்டு. "நீதான் நெறைய படிக்கிறவ. அக்காவப் பத்தி நாலு வரி நல்லதா எழுதிக் குடும்மா" என்றார். பேனர் அடிப்பவரே மாதிரிக்கு ஒன்று அனுப்பியிருந்தார்: தன்னை உருக்கி ஒளி தந்த மெழுகுவர்த்தியே. உனக்கு மெழுகுவர்த்தி வாசனையே ஆகாது. கரண்ட் போனால் வாசலில் போய் நின்றுகொள்வாய்.

உன்னைத் தியாகி என்கிறார்கள், அக்கா. எனக்காகப் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்று ஊரிலிருந்து வந்த பெரியம்மா என் முகத்துக்கு நேராகச் சொல்லி அழுதாள். நீ பத்தாவதோடு நின்றது எனக்காக இல்லை. கணக்கில் இரண்டு முறை தேறவில்லை. மூன்றாம் முறை எழுதச் சொன்ன அப்பாவிடம், "என்னைக் கடல்ல கொண்டு போய்த் தள்ளுங்க, அந்தப் பரீட்சைக்கு அனுப்பாதீங்க" என்றாய். அப்போது எனக்கு ஏழு வயது, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிற்பாடு வாடிக்கைக்காரம்மா ஒருத்தியிடம், "தங்கச்சி படிக்கட்டும்னு நான் நின்னுட்டேன்" என்று நீயே சொன்னபோதும் பக்கத்தில்தான் நின்றேன். மறுத்தேனா? அப்போதே தொடங்கிவிட்டது, நீ சொல்வதும் நான் சும்மா இருப்பதும்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தி.நகரில், கூட்டம் நெரியும் ஒரு தெருவிலிருந்து பிரிகிற சந்தில் எங்களுக்கு ஒரு மேட்சிங் கடை இருக்கிறது. புடவையைக் கொண்டுவந்தால் அதற்குப் பொருந்துகிற ரவிக்கைத் துணி வெட்டித் தருவோம், அவ்வளவுதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அப்பா போட்ட கடை. அவர் போன பிறகு இருபது வயதில் அக்கா அந்தக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அதன்பின் அவளுடைய வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் கிடையாது. ஆடித் தள்ளுபடி, ஆவணி முகூர்த்தம், தீபாவளி, பொங்கல், மறுபடி தை முகூர்த்தம். எங்கள் வீட்டில் காய்ச்சல், பல்வலி, கோயில், கல்யாணப் பேச்சு எல்லாமே சீசன் முடிந்த பிறகுதான்.

நீ அதில் கெட்டிக்காரி, இல்லை என்று சொல்ல மாட்டேன். கடை டியூப்லைட்டை நீ ஒரு நாளும் நம்பியதில்லை. புடவையையும் துணியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு, வெயில் விழுகிற தெருமுனை வரை போவாய். வாங்க வந்தவர்கள் உன் பின்னால் ஓடி வருவார்கள். "உள்ள வச்சுப் பார்த்தா எல்லாப் பச்சையும் ஒரே பச்சைதாம்மா. வெளிச்சத்துல வச்சாத்தான் அதோட வண்டவாளம் தெரியும்" என்பாய். கிளிப்பச்சைக்கும் மாந்துளிருக்கும் நடுவில் இருக்கிற ஒரு பச்சைக்காக நாலு முறை வெயிலுக்கு நடந்தவள் நீ.

இரண்டு வருஷத்துக்கு முந்தின அந்த ஆடியில் என்னை மட்டும் ஏன் வெளிச்சமே வராத இடத்துக்குக் கூட்டிப் போனாய்?

கடைக்குப் பின்னால், லைனிங் துணிக்கட்டுகள் அடுக்கிய அறை. அன்று சனிக்கிழமை. தரமணியில் எனக்கு அலுவலகம் விடுமுறை என்பதால் கடைக்கு வந்திருந்தேன். முன்னால் ஆடிக் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்து உன் ரவிக்கைக்குள், அக்குளுக்குக் கீழே வைத்து அழுத்தினாய்.

"சின்னதா ஒண்ணு உருளுதுல்லா?"

உருண்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும்.

"வலிக்குதா?"

"வலிக்கல. வலிக்காததுனாலதான் சொல்லுதேன், பயப்படாத. வலிச்சாத்தான் கெட்டதாம்."

அது நேர்மாறு என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். அதை அப்போதே சொன்னேன். நாளைக்கே போவோம் என்றேன். அம்மாவைக் கூப்பிடப் போகிறேன் என்று கதவுப் பக்கம் திரும்பினேன். நீ என் முழங்கையைப் பிடித்தாய்.

"ஏட்டி, ஆடி முடியட்டும். இப்ப அம்மாட்ட சொன்னா ஒப்பாரி வச்சுக் கடைய மூடிருவா. உங்கத்தானுக்கு லேசாத் தலை சுத்தினாலே தாங்காது. உங்கிட்ட ஏன் சொன்னேன், நீதான் எதையும் வெளிய விட மாட்ட."

நான் கேட்கவில்லை. அப்போது நீ செய்த காரியத்தைத்தான் இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த உன் மகள் தர்ஷினியைக் கூப்பிட்டாய். பத்து வயதுப் பிள்ளை. என் வலது கையை எடுத்து அவள் உச்சந்தலையில் வைத்தாய். "சத்தியம் பண்ணு. பிள்ள தலைல அடிச்சுச் சொல்லு, யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு."

அவளுக்குச் சிரிப்பு. "என்ன விளையாட்டும்மா இது? எனக்கும் சொல்லுங்க" என்றாள்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்று உனக்குத் தெரியும். சத்தியம், சாபம், கண்ணேறு எல்லாவற்றையும் கேலி செய்து உன்னிடம் திட்டு வாங்கியவள். ஆனாலும் அந்தச் சின்ன மண்டையின் சூடு உள்ளங்கையில் பட்டபோது என்னால் கையை எடுக்க முடியவில்லை. சத்தியம் என்றேன். நீ உடனே முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாரேன், வாரேன், அந்த அரக்கு டூ பை டூ துணிய மடிச்சிராதீங்க" என்று கத்திக்கொண்டே முன்னால் போய்விட்டாய்.

அப்புறம் நான் கேட்காமல் இல்லை. ஆடி முடிந்த அன்று கேட்டேன், ஆவணியில் கேட்டேன். புரட்டாசியில் ஒரு முறை கெஞ்சினேன். நீ வாயால் பதில் சொன்னதே இல்லை. தர்ஷினி பக்கத்தில் இருந்தால் அவள் தலையை ஒரு தரம் தடவிவிட்டு என்னைப் பார்ப்பாய். அது அன்பு என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அது மிரட்டல், அக்கா. என்னை மிரட்டினாய்.

இதில் எனக்கு மிகவும் எரிவது எது தெரியுமா? அதே ஆடியில்தான் பிலோமினாக்காவுக்கு இருமல் வந்தது. பதினைந்து வருஷமாகப் பட்டினப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து உன் பக்கத்தில் நின்று துணி வெட்டுகிறவள். மூன்று நாள் இருமினாள். சீசன் நடுவில், கூட்டம் நிற்கும்போது, கத்தரிக்கோலைப் பிடுங்கி வைத்துவிட்டு அவளை டாக்டரிடம் விரட்டினாய். "உன் நெஞ்சு என்ன எனக்கு நேர்ந்துவிட்டதா? போய்க் காட்டிட்டு வா" என்றாய். இன்றைக்கும் அவள் அதையே சொல்லிச் சொல்லி உருகுகிறாள். "பெரீக்கா மாரி யாரு இருப்பாங்க சொல்லு கோமதிம்மா. எனுக்கு ஒரு தும்மல் வந்தாகூட தொரத்திக்கினே இருப்பாங்க. தன்னப் பத்தி ஒரு நாளு நெனச்சிருப்பாங்களா?"

நினைக்கவில்லைதான். அதைப் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்து நீயே அம்மாவிடம் சொன்னாய், அன்றுதான் கண்டுபிடித்தவள் மாதிரி. டாக்டர் அறையில் நீ, நான், அம்மா, அத்தான் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். "எப்பப் பார்த்தீங்க இதை?" என்று அந்த டாக்டரம்மா கேட்டார். நீ ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "போன வாரந்தான் டாக்டர்" என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்திருந்தவர் உண்மை தெரிந்தால் ஏதாவது செய்யக்கூடியவர், சத்தியம் கித்தியம் என்று பயப்பட அங்கே ஒன்றுமில்லை. என் வலது கையை மடியில் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு நீ இருந்த பத்து மாதத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அது உனக்கும் எனக்கும் தெரியும். ஒன்று மட்டும். கடைசியில் ஆஸ்பத்திரிப் படுக்கையைச் சுற்றிக் கட்டியிருந்த திரையைப் பார்த்து, "இந்தப் பச்சைக்கு நம்ம கடைல துணி கிடையாதுட்டி" என்றாயே, நானும் சிரித்துத் தொலைத்தேன். உன் மேல் வைத்திருந்த கோபத்தைக்கூட அந்த நேரத்தில் நீ விட்டுவைக்கவில்லை.

நீ போன பிறகு இந்த ஒரு வருஷமும் அம்மா ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வருகிறவர்களிடம், காய்கறிக்காரம்மாவிடம், போனில் ஊர்க்காரர்களிடம். "பாவி மக, ஒருத்தர்ட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. சொல்லியிருந்தா நான் தூக்கிட்டு ஓடியிருப்பேன்லா." நான் காபி டம்ளரோடு பக்கத்தில் நிற்பேன். சொல்லியிருக்கிறாள் அம்மா, எனக்குத் தெரியும் என்று நாக்கு நுனி வரை வரும். உடனே உள்ளங்கை சுடும். நீ இல்லை, அந்தச் சத்தியம் இருக்கிறது. மீறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமோ என்று, இத்தனை புத்தகம் படித்த நான், உண்மையிலேயே பயந்துகொண்டிருந்தேன். இதற்காக உன்னை எப்படி மன்னிப்பேன்?

இப்போது உன் மகளைப் பற்றிச் சொல்கிறேன். தர்ஷினிக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. உன்னைப் போலவே துணியை விரலால் நிமிண்டிப் பார்த்துத்தான் பேசுவாள். கணக்கில் உன்னை மாதிரி இல்லை, நன்றாக வருகிறது. போன மாதத்திலிருந்து தலைமுடியைப் பின்னாமல் இடது பக்கமாக விட்டுக்கொண்டு திரிந்தாள். ஸ்டைல் பண்ணுகிறாள் என்று பிலோமினாக்கா கிண்டல் செய்தாள். "இன்னாடி, சினிமால நடிக்கப் போறியா? மூஞ்சில பாதிதான் தெரிது."

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, மத்தியானம். துவைக்கப் போடலாம் என்று தலையணை உறைகளை உருவினேன். அவள் தலையணையைத் திருப்பினால், அடிப்பக்கத்தில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக ஒரு கறை. நாற்றம். அவளைக் கூப்பிட்டு முடியை ஒதுக்கினேன். இடது காதுக்குள் பஞ்சு வைத்திருந்தாள். பஞ்சு ஊறிப்போயிருந்தது.

"எத்தனை நாளா?"

"பள்ளிக்கூடம் தொறந்ததுலேர்ந்து. வலிக்கல சித்தி."

வலிக்கல. உன் குரலிலேயே சொன்னாள், அக்கா.

"அப்பாட்ட ஏன் சொல்லல? ஆச்சிட்ட?"

"அப்பாவுக்கு இப்ப தீபாவளி வேலை. சீசன் முடியட்டும் சித்தி. அம்மா மாதிரி நானும் யாரையும் தொந்தரவு பண்ணாம இருந்துக்குவேன். எல்லாரும் அம்மாவ அப்படித்தானே சொல்றாங்க?" என்றாள்.

நான் எழுந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று என் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். "சத்தியம் பண்ணு. என் தலைல அடிச்சுச் சொல்லு, சொல்ல மாட்டேன்னு. அம்மாக்கு மட்டும் பண்ணியே."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. என்ன விளையாட்டு என்று தெரியாமலே விதிமுறையை மட்டும் கற்றுக்கொண்டிருந்தாள்.

நீ அவளுக்கு விட்டுப்போனது இதைத்தான். கடையை, உன் நகையை, உன் புடவைகளை எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் கைக்கு வந்தது இது. அந்த நேரத்தில் நீ எதிரில் நின்றிருந்தால் உன்னை அறைந்திருப்பேன்.

கையை எடுத்தேன். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடைக்கு நடந்தேன். வழியெல்லாம் அழுதாள், "துரோகி" என்றாள். அந்தத் தெருவின் கூட்டம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. தீபாவளிக் கூட்டம் கடைக்குள் பிதுங்கிக்கொண்டிருந்தது. அத்தானும் அம்மாவும் கவுண்டரில் நின்றார்கள். வாடிக்கைக்காரர்கள் இருக்கும்போதே தர்ஷினியின் காதைக் காட்டினேன். அத்தான் கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டார். கடையைப் பிலோமினாக்காவிடம் விட்டுவிட்டு, சீசன் நடுவில், ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருந்த ஒரு காது டாக்டரைத் தேடி நாலு பேரும் ஆழ்வார்பேட்டைக்கு ஆட்டோவில் போனோம். கடை இடிந்து விழவில்லை. திரும்பி வந்தபோது பிலோமினாக்கா வாசலில் நின்று, "நான் பாத்துக்கினேன், நீ போய்ப் புள்ளையப் பாரு" என்று மட்டும் சொன்னாள்.

செவிப்பறையில் ஓட்டை. சீழ் உள்ளே எலும்புப் பக்கம் போகத் தொடங்கியிருக்கிறதாம். இப்போதே வந்ததால் மருந்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடும், இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கேட்கும் சக்தியே போயிருக்கும் என்றார் டாக்டர். "யாராவது கவனிச்சீங்களே, நல்லது" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில், அம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள். "ஆத்தாள மாதிரியே பிள்ளையும். அவளும் ஒருத்தர்ட்ட ஒரு வார்த்தை..."

"எங்கிட்டச் சொன்னாம்மா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆடி, லைனிங் அறை, புளியங்கொட்டை, சத்தியம், டாக்டரிடம் நீ சொன்ன பொய், அதற்கு நான் துணை இருந்தது. தர்ஷினி அங்கேயே இருந்தாள். அவளைப் போகச் சொல்லவில்லை. அவள் தலைமேல் நடந்த காரியம், அவளுக்குத் தெரிய வேண்டும்.

அம்மா ஒரு கேள்விதான் கேட்டாள். "ஆடியிலயேவாட்டி?"

"ஆமா."

எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்தான் என் பக்கம் திரும்பினார். உன்னோடு பதினாலு வருஷம் வாழ்ந்தவர். நீ அவரிடம் சொல்லாததை என்னிடம் சொன்னாய் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "வலிச்சுதாம்மா அவளுக்கு? அப்ப?" என்றார்.

"அப்ப வலிக்கல அத்தான்."

"செரி" என்றார். அந்தச் 'செரி'யைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும், அக்கா. ஒரே ஒரு நிமிஷம் இருந்து கேட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

அம்மா என்னோடு பேசி இன்றைக்குப் பத்து நாள் ஆகிறது. சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள். வருகிறவர்களிடம் அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பதிலாக வேறு எதுவும் சொல்வதில்லை. நேற்று தர்ஷினியிடம், "உங்க சித்திட்ட சொல்லு, கொழம்பு இருக்கு" என்றாள். ஒரு கை எட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தேன். அவள் என்னை மன்னிப்பாளா என்று தெரியவில்லை. மன்னிக்கத்தான் வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. அவள் மகள்களில் ஒருத்தி மறைத்தாள், இன்னொருத்தி அதற்குக் காவல் இருந்தாள். மிச்சம் இருப்பவள் நான், கோபப்பட அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அத்தான் பேனரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கார்டில் உன் பெயரும் நாளும் இடமும் மட்டும் இருக்கும். மெழுகுவர்த்தி கிடையாது.

தர்ஷினி மூன்று நாள் என்னைத் துரோகி என்றே கூப்பிட்டாள். நாலாம் நாள் காதில் மருந்து விட என்னிடம்தான் வந்தாள். ஒருக்களித்து என் மடியில் படுத்துக்கொண்டு, "அம்மா சொல்லியிருந்தா இருந்திருப்பாளா சித்தி?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். இருந்திருக்கலாம் என்றேன். பொய் சொல்லவில்லை. சொட்டு மருந்து உள்ளே இறங்கும்வரை இரண்டு பேரும் அசையாமல் இருந்தோம்.

வெள்ளிக்கிழமை உனக்குப் படைப்போம். உனக்குப் பிடித்த எல்லாம் இருக்கும். நான் கும்பிடுவேனா என்று இப்போதே சொல்ல முடியாது. கோபம் தீர்ந்தால் சொல்கிறேன். தீராவிட்டாலும் உன்னிடம்தானே வந்து சொல்ல வேண்டும், வேறு யாரிடம் போய்க் கத்துவேன்?

ஒன்று மட்டும் உறுதி. இந்த வீட்டில் இனி ஒருத்தர் உடம்பு எந்தச் சீசனுக்கும் காத்திருக்காது. காது ஆறும்வரை தர்ஷினி தலையில் தண்ணீர் படக் கூடாதாம். இந்தத் தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல் இல்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள். ஆறட்டும். அதன்பிறகு அவள் உச்சந்தலையில் என் கை படும், எண்ணெய் வைக்க. வேறு எதற்கும் படாது.

சத்தியத்தை மீறிய உன் தங்கச்சி,
கோமதி